இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள்: பெங்களூரில் காரின் கீறலைச் சரிசெய்யும் வழி

காலையில் பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தால் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. வாட்ச்மேனுக்குத் தெரியாது, பக்கத்து பார்க்கிங்காரருக்கும் தெரியாது. கோரமங்களா, இந்திராநகர் குறுக்குத் தெருக்களில் ஓரமாக நிறுத்தும் வண்டிகளுக்கும் இதே கதிதான். அந்த நேரத்தில் கை தானாகப் போய் ஈரத்துணியை எடுத்துத் தேய்க்கும். முதலில் அந்தக் கையைத்தான் நிறுத்த வேண்டும். கீறலைச் சுற்றி ஒட்டியிருப்பது வெறும் தூசி அல்ல, மணல். தேய்த்தால் ஒரு கீறல் பத்தாகும். இடித்த வண்டியின் பெயின்ட் அதில் ஒட்டியிருந்தால், உங்களிடம் இருக்கும் ஒரே தடயமும் துணியோடு போய்விடும்.

ஓடும் வண்டியில் இடி விழுந்தால், அது சில்க் போர்டு சிக்னலாகவே இருந்தாலும், முதலில் ஓரம்கட்டுங்கள். இடித்தவரைத் துரத்தாதீர்கள். அந்த வண்டியின் நம்பரை வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்வது, நினைவில் வைத்துக்கொள்ள முயல்வதை விட நிச்சயம். யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் கட்டுரை பிறகு. முதலில் 112, ஆம்புலன்ஸுக்கு 108.

முதல் அரைமணி: படமும் கேமராவும்

மூன்று தூரத்தில் படம் எடுங்கள். நம்பர் பிளேட்டோடு முழு வண்டி தெரியும்படி ஒன்று. ஒரு மீட்டர் தூரத்தில் அடிபட்ட பேனல் (கதவு போன்ற அந்தத் தகட்டுப் பகுதி) மட்டும் ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்து மிக அருகில் ஒன்று. நேராக ஃபிளாஷ் அடித்தால் பளபளப்பில் கீறல் மறைந்துவிடும். இன்னொரு போனின் டார்ச்சைப் பேனலுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் ஆழமும் நெளிவும் தெளிவாக விழும். கீழே விளக்குக் கண்ணாடித் துண்டோ பிளாஸ்டிக் சில்லோ கிடந்தால் எடுத்து வையுங்கள். அதன் உட்புறத்தில் பல நேரம் தயாரிப்பாளர் குறியும் பாக எண்ணும் அச்சில் வார்த்திருக்கும். எந்த மாடல் வண்டி என்று அதிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

கீறலும் கொஞ்சம் பேசும். தரையிலிருந்து அளந்து பாருங்கள். அரை மீட்டர் உயரத்தில் அகலமான சிராய்ப்பு என்றால் பெரும்பாலும் இன்னொரு காரின் பம்பர். அதற்கு மேலே, இடுப்பு உயரத்தை ஒட்டி ஒற்றைக் கோடு என்றால் இருசக்கர வண்டியின் ஹேண்டில் முனை. கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் உருண்டு வருவது ரப்பர். அதனடியில் உங்கள் பெயின்ட் பெரும்பாலும் முழுசாக இருக்கும். பச்சையோ மஞ்சளோ ஒட்டியிருந்தால் ஆட்டோவாக இருக்கலாம். உரிந்த பெயின்ட் துகள்கள் கோட்டின் எந்த முனையில் குவிந்திருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் இடித்த வண்டி நகர்ந்திருக்கிறது. சி.சி.டி.வி.யில் எந்தத் திசையில் தேடுவது என்பதற்கு இது உதவும்.

சி.சி.டி.வி.யை அன்றைக்கே கேளுங்கள். ரெக்கார்டரின் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதிக்கொண்டு போகும். சில இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு மெயில், செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் நேரில் ஒரு வார்த்தை, இரண்டும் வேண்டும். திரையைப் போனில் படம் பிடித்ததோடு நின்றுவிடாமல் அசல் கிளிப்பைப் பென் டிரைவில் வாங்குங்கள். போனில் எடுத்ததில் நம்பர் பிளேட் பல நேரம் கரைந்து போகும். ரெக்கார்டரின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணில் பாதிதான் தெரிகிறது என்றாலும் வீண் அல்ல. எந்த ஆர்.டி.ஓ. பதிவு என்று முதல் எண்ணிலேயே தெரியும்: கே.ஏ. 01 கோரமங்களா, 03 இந்திராநகர், 05 ஜெயநகர், 51 எலக்ட்ரானிக் சிட்டி, 53 கே.ஆர். புரம். உங்கள் தெருவில் தினமும் நிற்கும் வண்டியா என்று பார்க்க இது போதும். முழு எண் கிடைத்தால் எம்பரிவாகன் என்கிற அரசுச் செயலியில் மாடலும் காப்பீட்டு நிலையும் தெரியும். கையில் எண்ணை வைத்துக்கொண்டு ஆள் சேர்த்துப் போய்ச் சண்டை போடுவது மட்டும் வேண்டாம்.

பெங்களூரில் விபத்து வழக்குகளை டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷன்கள் பார்க்கின்றன. அவை சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன்களிலிருந்து தனி. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். விபத்துக்குப் பின் ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின் கடமைகள் ஆளுக்கு அடிபட்டால் மட்டுமல்ல, பிறர் சொத்து சேதமானாலும் ஓட்டுநருக்கு உண்டு. ஆனால் ‘ஹிட் அண்ட் ரன் இழப்பீடு’ என்று கேள்விப்படுகிற அரசுத் திட்டம் (இறப்புக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000 ரூபாய்) மனிதர்களுக்கானது. கார் சேதத்துக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது.

கீறல் எந்த அடுக்கில் நிற்கிறது

சரிசெய்யும் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. தகட்டின் மேல் அடியிலிருந்து பார்த்தால்: துருவைத் தடுக்கும் முதல் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நீங்கள் தேய்க்கப்போவது அவ்வளவு மெல்லிய ஒன்றை.

முதலில் அந்தப் பேனலை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கார் ஷாம்பு போதும், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம். கடைசி அலசலுக்குக் காவேரித் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ பயன்படுத்துங்கள். வைட்ஃபீல்டு பக்கத்து போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்பு வட்டம் விடும். அந்த வட்டத்தின் மேலேயே கம்பௌண்ட் (கீறலைத் தேய்த்து மறைக்கும் பசை) போட்டுத் தேய்த்தால் உப்பும் சேர்ந்து கீறும்.

காய்ந்ததும் மூன்று சோதனைகள். கீறலை ஈர விரலால் நனையுங்கள்: நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. நகத்தைக் குறுக்காக, அழுத்தாமல் இழுங்கள்: வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போகும், தட்டினால் போகாது. கடைசியாக நிறம். கோட்டின் அடியில் உங்கள் காரின் நிறமே இருந்தால் பேஸ் கோட் பிழைத்திருக்கிறது. வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளபளவென்று உலோகம் தெரிந்தால் நாளை என்று தள்ளாதீர்கள். மழைக்காலத்தில் ஓரிரு நாளிலேயே துரு பிடிக்கத் தொடங்கும். உடனே பெயின்ட் வைக்க முடியாவிட்டால், துடைத்து நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவி வையுங்கள். பிறகு அதைச் சுரண்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம். செல்லோ டேப் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, காரியம் கெடும்.

காப்பீட்டில் கோரலாமா என்று யோசனை இருந்தால் இங்கேயே நில்லுங்கள். கம்பெனிக்குத் தெரிவிக்கும் முன் சரிசெய்துவிட்டால் கோர ஒன்றும் மிஞ்சாது.

ஒட்டிய பெயின்ட், மேலோட்டமான கீறல்

பலர் கீறல் என்று பயப்படுவது இன்னொரு வண்டியின் பெயின்ட் ஒட்டியிருப்பதுதான். கிளே பார் என்கிற களிமண் கட்டியை ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்து நனைத்து நேர்கோட்டில் நகர்த்தினால் நிறைய வந்துவிடும். மிச்சத்துக்கு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். இதற்குப் பெயின்ட் கடைத் தின்னரைத் தொடவே தொடாதீர்கள். கம்பெனி பெயின்ட்டை அது உடனே கரைக்காவிட்டாலும், ஏற்கெனவே வெளியில் மலிவாகப் பெயின்ட் அடித்த பேனலையும் பிளாஸ்டிக்கையும் நிமிடத்தில் பதம் பார்க்கும்.

நகம் தட்டாத கீறலுக்கு ரப்பிங் கம்பௌண்ட். வேலை நிழலில், காலை வேளையில். புறங்கையைப் பேனலில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். கம்பௌண்ட் உடனே காய்ந்து கட்டியாகி அதுவே கீறும். கதவின் விளிம்பு, மடிப்புக் கோடு இரண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், தேய்ப்பின் அழுத்தமும் அங்கேதான் அதிகம் விழும். ஃபோம் பேடில் பட்டாணி அளவு மூன்று சொட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பரப்பு, கீறலுக்குக் குறுக்கே இருபது இழுப்பு. துடைத்துப் பாருங்கள். பாதி குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. மூன்று சுற்றுக்கு மேல் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கோடு முழுதாகப் போகும்வரை தேய்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய தவறு. கிளியர் கோட் தேய்ந்துபோன இடம் சில மாதத்தில் வெளிறி உரியும். அப்போது முழுப் பேனலையும் அடிக்க வேண்டும். எண்பது சதவீதம் மறைந்த கீறலை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்ல வேலை. கடைசியில் பாலிஷ், பிறகு வேக்ஸ். மேட் ஃபினிஷ் காரில் இது எதையும் செய்யக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

டூத் பேஸ்ட், சமையலறையின் பச்சை ஸ்கிரப்பர், டபிள்யூ.டி.-40 மூன்றையும் ஆளாளுக்குச் சொல்வார்கள். பேஸ்ட்டின் துகள் பெயின்ட்டுக்கு ஏற்றதல்ல. ஸ்கிரப்பர் ஆயிரம் கீறல் போடும். டபிள்யூ.டி.-40 எண்ணெய் நிரம்பிக் கோட்டை மறைப்பதோடு சரி, இரண்டு முறை கழுவினால் பழைய கோடு திரும்பி வரும்.

ஆழமான கோட்டுக்கு டச்-அப்

உங்கள் காரின் நிறத்துக்கான குறியீட்டு எண் டிரைவர் கதவுத் தூணின் ஸ்டிக்கரிலோ என்ஜின் அறையின் தகட்டிலோ இருக்கும். கிடைக்காவிட்டால் சேசிஸ் எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். ‘வெள்ளை’, ‘சில்வர்’ என்று சொல்லி வாங்கினால் நிறம் நிச்சயம் பொருந்தாது. ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள் உண்டு. கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் அந்தக் குறியீட்டைச் சொல்லி டச்-அப் பாட்டில் (கீறலில் தொட்டு வைக்கும் பெயின்ட்) கேட்டுப் பாருங்கள். பேர்ல் வெள்ளை மூன்று அடுக்காக அடிக்கும் நிறம். டச்-அப்பில் அது எப்போதும் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும். அதை ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

துரு இருந்தால் 320 நம்பர் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) அரிசி மணி அளவுக்கு மடித்து, கோட்டுக்குள் மட்டும் சுரண்டுங்கள். ஆல்கஹாலால் துடையுங்கள். உலோகம் தெரிகிற இடத்தில் பிரைமர் வைத்து, அரை மணி காயவிடுங்கள். பிறகு நிறம். பாட்டில் மூடியிலுள்ள பிரஷ் தடிமனானது, அதைப் பயன்படுத்தாதீர்கள். பல்குச்சியின் முனையைத் தொட்டு, கோட்டின் ஒரு முனையில் வைத்தால் பெயின்ட் தானாகவே பள்ளத்தில் ஓடும். இந்த ஓட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். மெல்லிசாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நிமிடம். ஒரே சொட்டில் நிரப்பினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் பிறகு வெளியேறும்போது நடுவில் குழி விழும். மேலே கிளியர், சுற்றிலுமுள்ள மட்டத்தைவிட ஒரு பொட்டு உயரமாக நிற்கும்படி.

இனி பொறுமை. ஒரு நாளில் தொடலாம் என்று பாட்டிலில் இருந்தாலும் ஒரு வாரம் விடுங்கள். பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரோடு, மேடு மட்டும் தேயும்படி இழுங்கள். அடுத்து 3000, பிறகு கம்பௌண்ட். கை நடுங்கினால் இந்தப் படியை விட்டுவிடலாம். துரு தடுக்கப்பட்டுவிட்டது, அதுதான் முக்கியம். மழை நாளில் கிளியர் வைக்காதீர்கள், காற்றின் ஈரம் படிந்து பால் போல் மங்கும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

பெயின்ட் விரிசல் விடாத சின்னக் குழி என்றால், பின்னாலிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் பி.டி.ஆர். முறை இருக்கிறது. பெயின்ட் தப்பும், செலவும் குறையும். பம்பர் பிளாஸ்டிக், துருப் பிடிக்காது, அவசரமில்லை. ஆனால் அதற்குப் பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் நிறம் அடித்தால் பிரஷர் வாஷில் ஏடு ஏடாக உரியும். பம்பர் வெளியில் நன்றாக இருந்தாலும் உள்ளே கிளிப் உடைந்திருக்கலாம். கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். புதிய கார்களில் பார்க்கிங் சென்சாரும், சிலவற்றில் ரேடாரும் பம்பரில் இருக்கின்றன. அந்த இடத்தில் பட்டி பூசவோ தடிமனாகப் பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். சென்சார் தப்புத் தப்பாகக் கத்தத் தொடங்கும், ரேடாரோ எதையும் சரியாகப் பார்க்காது.

கோருவதா, கைக்காசா

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு எதுவும் வராது. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் சேர்ந்திருந்தால் கோரலாம். டி.என். பதிவெண் வண்டி என்று தயங்க வேண்டாம், பாலிசி நாடு முழுவதும் செல்லும். சின்னச் சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஆனால் கணக்குப் போடாமல் கோராதீர்கள்.

ஒரு கதவின் பெயின்ட் பில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லாத பாலிசியில் பெயின்ட் பில்லின் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 750. ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சி.சி. வரை 1,000, அதற்கு மேல் 2,000. சின்னக் காருக்குக் கையில் வருவது 4,250. இப்போது மறுபக்கம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்றும், கோராமல் நான்காவது ஆண்டை முடிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) தள்ளுபடி கோராத ஒவ்வொரு ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். கோரினால் வரும் புதுப்பிப்பில் 45 போய்ப் பூஜ்யம்: 4,500 நட்டம். அடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20: 3,000. பிறகு 2,500, 1,500, 500. கூட்டினால் 12,000. வண்டி மதிப்புக் குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 4,250 வாங்க அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல என்பதற்காக மட்டும் என்.சி.பி. தப்பிவிடாது; பெயரே சொல்வது போல, கோராமல் இருப்பதற்கான போனஸ் அது. என்.சி.பி. பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும். இரண்டு மூன்று பேனல் நசுங்கியிருந்தாலும், விளக்கு உடைந்திருந்தாலும் மாறும்.

‘பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துப் போட்டுவிடலாம் சார்’ என்று கேரேஜில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சம்பவமும் தனிக் கோரிக்கை. கீறலின் திசையும் துருவின் வயதும் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரியும். பொய் என்று எழுதிவிட்டால் உண்மையான சேதத்துக்கும் பணம் நிற்கும்.

பெயின்டரிடம் கேட்க வேண்டியவை

சிவாஜிநகர், கலாசிபாளையம், வில்சன் கார்டன் பக்கத்து டிங்கரிங் கடைகளில் தமிழ் பேசுகிறவர் கிடைப்பது கஷ்டமில்லை. நேராகவே கேளுங்கள்: “அண்ணா, என்.சி.யா, டூ-கே பி.யூ.வா? பூத்ல அடிப்பீங்களா, வெளியிலயா? பக்கத்து பேனல்ல பிளெண்ட் பண்ணுவீங்களா?” பூத் என்பது தூசி புகாமல் அடைத்த பெயின்ட் அறை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் விலை குறைவு, சீக்கிரம் காயும். வெயிலில் சீக்கிரமே மங்கும். டூ-கே பி.யூ. (பாலியூரித்தேன்) என்பது கெட்டிப்படுத்தும் ஹார்ட்னர் கலந்து அடிப்பது, நீடிக்கும். எதை அடித்தார்கள் என்று வேலை முடிந்தபின் சோதிக்கலாம். கண்ணில் படாத ஒரு ஓரத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை மெல்ல ஒற்றுங்கள். நன்றாகக் காய்ந்த டூ-கே கரையாது, என்.சி.யோ துணியில் பிசுபிசுத்து வரும். மெட்டாலிக் நிறத்துக்குப் பிளெண்ட், அதாவது புது நிறத்தைப் பக்கத்து பேனலிலும் கொஞ்சம் படரவிட்டுக் கலப்பது, கட்டாயம். இல்லாவிட்டால் கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போல் நிற்கும்.

வண்டியைச் சாயங்காலம் எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டுக் கோணத்தில் பாருங்கள்: ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள், ஓடி வழிந்த சொட்டு, கண்ணாடி பீடிங்கில் பட்ட பெயின்ட் தூள், பட்டி பூசிய இடத்தின் அலை. இவற்றைக் காசு கொடுக்கும் முன்தான் சொல்ல முடியும்.

முதல் வாரம் ஷாம்பு, பிரஷர் வாஷ், கார் கவர் மூன்றும் வேண்டாம். ஒரு மாதம் வேக்ஸோ கோட்டிங்கோ வேண்டாம், உள்ளேயிருந்து கரைப்பான் வெளியேற வேண்டும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அப்போதே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். புதுப் பெயின்ட்டில் ஒரு வெயில் நேரத்தில் அது தடம் பதித்துவிடும். கலந்த பேஸ் கோட்டில் மிச்சம் இருந்தால் 30 மில்லி கேட்டு வாங்கி, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, கலவை எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். ஹார்ட்னர் கலக்காத பேஸ் கோட் கெடாமல் இருக்கும், அடுத்த கீறலுக்குத் துல்லியமான நிறம் வீட்டிலேயே கிடைக்கும். ஹார்ட்னர் கலந்த கிளியரைக் கொடுத்தால் வாங்காதீர்கள், சில மணி நேரத்தில் கல்லாகிவிடும்.